நிறுத்தினால் கம்பெனி போச்சு

இனி என் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் வீட்டில் நான் தைரியமாக முடிவெடுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு.

ஊரில் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு. எனக்குக் கன்னியப்பன். அவன் என் மனைவி லோகநாயகியின் தம்பி. திருநின்றவூரில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறான். வாங்கியது அவன். போட்டது என் தலையில். ஞாயிறு விடிந்தால் போன் வரும். "மாமா, வர்றீங்கல்ல?" போவேன். ஒரு வாரம் முள் வெட்ட வேண்டும். மறுவாரம் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். போன வாரம் அளந்த மனையை இந்த வாரம் ஏன் அளக்க வேண்டும்? கேட்டேன். "யாராவது நகத்திட்டிருந்தா இன்னா மாமா பண்றது?" என்றான். அதற்கு மேல் பேசி என்ன பயன்?

நான் நாகேந்திரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறேன். அங்கே எல்லாமே லினக்ஸ். எங்கள் முதலாளி கொள்கைப் பிடிப்புள்ளவர். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். ஞாபகப்படுத்த நானும் மறந்துவிட்டேன். அது சேக்காட்டில் எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது.

அதைத் திறந்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பாட்டு கிடையாது. நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி பதில் சொல்லும். அதில் ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. பெரிய வித்தையெல்லாம் இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய் பேசாமல் செய்து முடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அந்த உத்தியோகத்தை நான்தான் பார்க்கிறேன்.

குளியலறையில் எனக்கு உதித்த யோசனை இதுதான். வேலையே செய்யாத ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். பார்த்தால் மட்டும் மலையைப் புரட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

சனிக்கிழமை லோகநாயகி மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் எழுதி முடித்தேன். ஓட ஆரம்பித்தால் திரையில் வரி வரியாக ஏதேதோ கோப்புகளின் பெயர்கள் ஏறும். பக்கத்தில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நத்தை வேகத்தில் கணக்குப் போகும். சாயங்காலம் வரை போகும். நடுநடுவே நின்று "தொடரவா?" என்று கேட்கும். y அழுத்தினால் தொடரும். அழுத்தாமல் விட்டாலோ, வேறு எதையாவது அழுத்தினாலோ ஒரு சதவீதத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். இந்தக் கடைசி நிபந்தனைதான் என் கலை. ஒரு மனுஷன் ஏன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் கண்டதில்லை.

அதற்கு 'வேலை' என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் velai.sh.

ஞாயிறு காலை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். லோகநாயகி சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். திரையின் முதுகுதான் அவளுக்குத் தெரியும். நானும், கீபோர்டும், என் ஆட்காட்டி விரலும் தெரிவோம். ஆமாம், நான் ஒற்றை விரல் ஆசாமி. கம்ப்யூட்டர்க்காரன் ஆகி எத்தனையோ வருஷமாகியும் மற்ற ஒன்பது விரல்களும் வேடிக்கைதான் பார்க்கின்றன.

"இன்னாங்க, காலீலயே இத்தத் தொறந்துகினு ஒக்காந்துட்டீங்க? கன்னியப்பன் ரெண்டு தபா போன் பண்ட்டான்."

"கம்பெனி வேலை லோகா. பழைய கம்ப்யூட்டர்ல கீற கணக்கெல்லாம் புதுசுக்கு மாத்தணும்."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஞாயித்துக்கெழமதான் மெஷினெல்லாம் நிக்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்."

"எத்தினி வாரம்?"

"அது... மாத்த மாத்தத்தான் தெரியும்."

அவள் வெங்காயத்தை உரித்தாள். நான் பெயரை அடித்து என்டர் தட்டினேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றது திரை.

"இன்னா ஆச்சு? மூஞ்சி மாறிப்போச்சு."

"பேரச் சொல்லிக் கூப்டேன். ஆளு இல்லன்னுது."

"பேரு சரியாதான அடிச்சீங்க? வி, இ, எல், ஏ, ஐ, அப்பால ஒரு புள்ளி, எஸ், எச்."

அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். திரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு நான் என்ன அடித்தேன் என்று எப்படித் தெரியும்? ஆனால் என் சுபாவம் என்னவென்றால், யாராவது எதையாவது கேட்டால் முதலில் விளக்கம் சொல்லிவிடுவேன். சந்தேகம் எல்லாம் அப்புறம்தான்.

"முன்னாடி ஒரு புள்ளியும் ஒரு சாய்ஞ்ச கோடும் போடணும். மறந்துட்டேன்."

"அது எதுக்கு?"

"புள்ளின்னா 'தோ இங்கயே'ன்னு அர்த்தம். வெறும் பேர மட்டும் சொன்னா இது ஊரெல்லாம் தேடும். பக்கத்துல ஒக்காந்துகினு கீறத மட்டும் பாக்காது."

"மூக்குக்கண்ணாடிய மண்டமேல வச்சிகினு ஊடு பூரா தேடுவீங்களே, அந்த மாதிரி."

"அதே மாதிரிதான்னு வச்சிக்கோயேன்."

புள்ளியும் கோடும் போட்டு ./velai.sh என்று மறுபடி அடித்தேன். இப்போது வேறு பதில் வந்தது.

"இன்னாவாம் இப்ப?"

"அனுமதி இல்லையாம். புதுசா எழுதின கோப்ப ஓட்டணும்னா மொதல்ல அனுமதி குடுக்கணும்."

"யாரு குடுக்கணும்?"

"நான்தான்."

லோகநாயகி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட அனுமதி கேக்கற எடம்கூட ஒண்ணு கீதா இந்த ஊட்ல?"

நான் கம்பீரமாக chmod +x என்று அடித்து அனுமதி வழங்கினேன். கோப்பு ஓட ஆரம்பித்தது. வரிகள் ஏறின. அவள் எழுந்து என் பக்கம் வந்து பார்த்தாள். திரை "தொடரவா?" என்று கேட்டது. y அழுத்தினேன்.

"இது அப்பப்ப கேக்குமா?"

"கேக்கும். பதில் சொல்லலன்னா மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும். அதான் ஆளு நவுரவே கூடாது."

"நடுவுல நிறுத்திட்டா?"

"நிறுத்தினா கம்பெனி போச்சு."

"ஐயோ பாவம்" என்றாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு டம்ளர் காபி வந்தது. பிறகு அவள் மட்டும் புடவை மாற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். ஆவடியில் ரயில் ஏறியிருப்பாள் என்று தோன்றியதும் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரிப்டை நிறுத்தினேன். கம்பெனி போகவில்லை. நான்தான் போனேன், சோபாவுக்கு. சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து, மறுபடி ஓடவிட்டு, களைத்த முகத்துடன் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகா, அந்த ஞாயிறுகள்! ஒரு மாதத்துக்கு மேல் நான் ராஜாவாக வாழ்ந்தேன். சேக்காட்டுக் காற்று இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சோபாவில் படுத்தால் எதிரே ஜன்னல், ஜன்னலில் வேப்பமரக் கிளை. கன்னியப்பன் வெயிலில் தனியாக முள் வெட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாலே தூக்கம் சுகமாக வரும். லோகநாயகி திரும்பி வரும்போது தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு வேறு வரும். "தனியா கஷ்டப்படறீங்களேன்னு எடுத்தாந்தேன்" என்பாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். சாப்பிட ஆரம்பித்ததும் சரியாகிவிடும்.

அந்த ராஜ வாழ்க்கையின் கடைசி வாரம், புதன்கிழமை. ஆபீசிலிருந்து வந்து படியேறிக்கொண்டிருந்தேன். மேலே எங்கள் வீட்டிலிருந்து தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் நின்றுவிட்டது. லோகநாயகி கையில் துணியுடன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றாள்.

"இன்னா சத்தம்?"

"தூசி தட்டிகினு இருந்தேன்."

கீபோர்டு பளபளவென்று இருந்தது. என்ன பொறுப்பான மனைவி என்று நினைத்துக்கொண்டு கைகால் கழுவப் போனேன்.

அதற்கு முந்தின வாரமே பாய் கதைக்குள் வந்துவிட்டார். பஷீர் அகமது பாய் எங்கள் கீழ் வீட்டுக்காரர். பூந்தமல்லியில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். அவரும் ஜரினா அக்காவும் மகள் சபீனாவின் நிக்காஹ் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் மண்டபம்.

"அண்ணாத்தே, நீங்க இல்லாம பந்தி ஆரம்பிக்காது. சமையல் யாரு தெரியும்ல? சுலைமான் பாய்" என்றார் பஷீர் பாய்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுலைமான் பாயின் பிரியாணியை நான் ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டிருக்கிறேன். பாயின் பெரிய மகன் கல்யாணத்தில். அன்று முதல் நான் சாப்பிட்ட மற்றதெல்லாம் வெறும் மசாலா போட்ட சோறு. சீரக சம்பா ஒன்றோடொன்று ஒட்டாது. கறி விரலால் தொட்டதும் விட்டுக்கொடுக்கும். கூடவே தால்சா, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், கடைசியில் பிரட் அல்வா. சபீனாவுக்கு எப்போது கல்யாணம் என்று அவளைப் பெற்றவர்களைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டிருப்பேன்.

கல்யாண வாரம் முழுவதும் தவம் இருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்தே அளவுச் சாப்பாடு. சனிக்கிழமை ராத்திரி வெறும் கஞ்சி. வயிற்றில் கல்யாண மண்டபம் அளவுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. ஞாயிறு காலை நாஸ்தாவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குளித்து, சந்தன நிறச் சட்டை போட்டு, பவுடரும் அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரையில் வரி வரியாகக் கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. மூன்று சதவீதம். லோகநாயகி பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகைப் பூவுடன், கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"லோகா, இத்த யாரு போட்டது?"

"நான்தான் போட்டேன். ஞாயித்துக்கெழமையாச்சே. கல்யாண அவசரத்துல நீங்க மறந்துட்டீங்க. நிறுத்தினா கம்பெனி போச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"உனக்கு எப்படிப் போடத் தெரியும்?"

"இன்னாங்க இது, புள்ளி, சாய்ஞ்ச கோடு, வி, இ, எல், ஏ, ஐ. இதுல இன்னா கீது? நான் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா சொன்னாரே."

சொல்லியிருப்பார். நான் அப்போது கேசரியில் கவனமாக இருந்தேன்.

"எதிர்ல ஒக்காந்தவங்க வெரல் எங்க எங்க போவுதுன்னு பாத்தாலே எனக்கு எழுத்து தெரிஞ்சிடும். நீங்க வேற ஒத்த வெரல்ல அடிக்கிறீங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித் தர்ற மாதிரி கீது."

"அது சரி லோகா, இன்னிக்கு ஒரு நாளு லீவு உட்டா..."

"அப்பிடி உடலாமா?"

அவள் கேட்டது மிகச் சாதாரணமான குரலில்தான். வளையல்கூட நிற்கவில்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன். விடலாம் என்று நான் சொன்னால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று அதில் எழுதியிருந்தது. இன்றைக்கு விடலாம் என்றால் போன வாரம் ஏன் விடவில்லை? அதற்கு முந்தின வாரம்? கன்னியப்பன் கையில் முள் குத்திச் சீழ் பிடித்த வாரம்?

"உடக் கூடாதுதான்" என்றேன்.

"அதான் நானும் யோசிச்சேன்."

திரை "தொடரவா?" என்று கேட்டது. "அழுத்துங்க, அழுத்துங்க, மொதல்லேர்ந்து போயிடப் போவுது" என்று பதறினாள். அழுத்தினேன்.

வாசலில் பஷீர் பாய் வேனுடன் வந்து குரல் கொடுத்தார். படியேறி வந்து என் சந்தனச் சட்டையையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, கெளம்பலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லோகநாயகி முந்திக்கொண்டாள். "அவருக்குக் கம்பெனி வேலை பாய். ஆளு நவுந்தா மொத்தக் கணக்கும் அழிஞ்சிடுமாம். எத்தினி பேரு சோறு அதுல கீது! நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு வர முடியலன்னு காலீலேர்ந்து ஒண்ணுமே துன்னாம ஒக்காந்துகினு கீறாரு."

பாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கடமைன்னா இதான் அண்ணாத்தே. மனசுக்குக் கஷ்டமாதான் கீது. ஆனா உங்க மாதிரி ஒரு ஆளு எங்களுக்கு மேல்வீட்ல கீறாருன்னு நெனச்சா பெருமையா கீது."

அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். வேனில் என் இடத்தில், முன் சீட்டில், ஜன்னலோரமாக, வெள்ளைச் சட்டையில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான்.

வேன் போய்விட்டது.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். படித்தவன், லினக்ஸ் தெரிந்தவன், இதற்கு ஒரு வழி கிடைக்காமலா போகும்? கிடைத்தது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? சில வாரம் மெதுவாகப் போகும், சில வாரம் சீக்கிரம் முடியும். கம்ப்யூட்டர்தானே, அதற்கும் நாள் கிழமை உண்டு. ஸ்கூட்டரில் கிளம்பினால் முதல் பந்தி போனாலும் இரண்டாவது பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுதான் போன் செய்தேன்.

"லோகா! நல்ல சேதி. இன்னிக்குச் சீக்கிரமா முடிஞ்சு போச்சு!"

"அப்பிடியா! சாமி புண்ணியம்" என்றாள். பின்னால் கல்யாணச் சத்தம், தட்டுச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே எனக்கு வாசனை வந்தது. "சரியான நேரத்துல சொன்னீங்க. நீங்க நேரா திருநின்றவூர் போங்க."

"எங்க?"

"மனைக்குதான். இன்னிக்கு போர் போடற லாரி வருது. கூட ஒரு ஆளு வெயில்ல நின்னே ஆவணும். கன்னியப்பன் சாப்புடாமயே கெளம்பறேன்னு நிக்கறான். மாமா வேலை முடிஞ்சுபோச்சு, அவரு போறாருடான்னு அவன்கிட்ட சொல்லிடறேன். அவனாவது நிம்மதியா துன்னட்டும். ஊட்லேர்ந்து கெளம்பிட்டீங்களா?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"லோகா... லோகா, இரு. தப்பாப் பாத்துட்டேன். இன்னும் முடியல. பதினாலு சதவீதம்தான் ஆயிருக்கு."

"அடடா."

"கண்ணு கொஞ்சம் மங்கிப்போச்சு."

"பட்டினி கெடக்கறீங்கல்ல, அதான். சரி, ஒக்காந்து பாருங்க. வந்து நான் ஸ்க்ரீனப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து பார்த்தேன். முப்பது சதவீதம் வந்தபோது அடுப்படிக்குப் போனேன். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எங்கள் அடுப்படி இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அதில் கடுகு இருந்தது. கடுகு டப்பாவைத் திறந்தால் பிஸ்கட் இருக்குமோ என்று ஆசையுடன் திறந்தேன். அதிலும் கடுகுதான். பிரிட்ஜில் ரசம் மட்டும் இருந்தது. சோறு இல்லாத ரசத்தை வைத்து என்ன செய்ய? கூடத்திலிருந்து டிங் என்று மணி அடித்தது, "தொடரவா?" என்று. அந்த மணியையும் நான்தான் ஆசைப்பட்டு வைத்தேன். ஓடி வந்து அழுத்தினேன்.

யோசித்துப் பார்த்தால் நான் ஓட வேண்டிய அவசியமே இல்லை. அது பொய் வேலை. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் மற்ற வாரங்களில் திரும்பி வந்ததும் திரையைப் பார்க்காதவள் இன்று பார்க்கும்போது நான்கு சதவீதம் என்று காட்டினால் என்னவென்று சொல்வது? பதினாலு ஆகிவிட்டது என்று நானே சொல்லிவிட்டேனே. நான் செய்த காவல்காரன் என்னையே காவல் காத்தான். இத்தனை வாரத்தில் அன்றுதான் அந்த ஸ்கிரிப்டுக்கு உண்மையாகவே ஓர் ஆள் வேலை செய்தான்.

எண்பது சதவீதத்தில் கன்னியப்பன் போன் செய்தான். வாயில் எதையோ மென்றுகொண்டு பேசினான்.

"மாமா, பிரியாணின்னா இதான் மாமா பிரியாணி. கறி அப்பிடியே பஞ்சு. உங்க பங்கையும் சேத்து நானே பாத்துக்கினேன்."

"அது போவட்டும். போர் லாரிகிட்ட யாரு நிக்கறது?"

"இன்னா லாரி?"

"உன் மனைல போர் போடற லாரிடா!"

"அது போன மாசமே போட்டு முடிச்சாச்சே மாமா. தண்ணிகூட நல்லா வந்துடுச்சு. அக்கா சொல்லலியா? நீங்கதான் வந்து பாக்கவே இல்ல."

வந்து பார்க்கவே இல்லை. அதுதான் விஷயம். ஒளிந்துகொண்டவனுக்கு ஊர் நடப்பு எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் சுலைமான் பாய் அண்டாவைக் கழுவக் கொடுத்திருப்பார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கு ஹையர் பாஸ் போதாது, அதற்கு மேல் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கூடவே, இவ்வளவு கெட்டிக்காரி என்னைக் கட்டிக்கொண்டாளே என்று ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. பசி மயக்கமாகவும் இருக்கலாம்.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. அந்த ஸ்கிரிப்ட் நூறைத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் பாதியில் நிறுத்திவிடுவேன், அல்லது அவள் வந்துவிடுவாள். கடைசியில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'வேலை வெற்றிகரமாக முடிந்தது' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த ஒரு வெற்றியாவது கிடைக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நூறு.

வந்தது வேறு. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ். பேசுகிறவள் யார் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னாங்க, முடிஞ்சுதா? பிரிட்ஜ்ல கீழ்த் தட்டுல ரசம் கீது. சோறு ஹாட்பாக்ஸ்ல, கட்டிலுக்கு அடியில. தொடரவா?"

கட்டிலுக்கு அடியில்! நான் தேடாத ஒரே இடம். புதன்கிழமை கேட்ட ஆலங்கட்டி மழைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. என் விரலைப் பார்த்தே கோப்பைத் திறக்கக் கற்று, என் கடைசி வரியை எடுத்துவிட்டுத் தன் வரிகளை எழுதியிருக்கிறாள். y அழுத்தினேன்.

"சாப்ட்டுட்டு தட்டக் கழுவி வைங்க. தொடரவா?"

y.

"பிரியாணி பார்சல் கொண்டாந்துகினு கீறேன். ஆனா வந்ததும் மொதல்ல ஸ்க்ரீனப் பாப்பேன், அப்பாலதான் பொட்டலத்தப் பிரிப்பேன். அடுத்த ஞாயித்துக்கெழமேலேர்ந்து வாராவாரம் என்கூட திருநின்றவூர் வர்றீங்க. தொடரவா?"

விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. ஒரு பக்கம் என் ஞாயிற்றுக்கிழமைகள். சோபா, ஜன்னல், வேப்பமரக் கிளை. இன்னொரு பக்கம் சுலைமான் பாய். y-ஐத் தவிர வேறு எதைத் தொட்டாலும் ஒரு சதவீதத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அப்படி எழுதிய மகானுபாவன் நான். கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. படியில் கொலுசுச் சத்தம் ஏறியது. கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், பட்டை கிராம்பு வாசனையும் ஏறியது.

y அழுத்தினேன்.

திரையில் கடைசியாக ஒரே ஒரு வரி வந்தது. புதன்கிழமையே அடித்து வைத்தது.

"தெரியும்."